நர்சக்கா சொல்லும் உதாரணம்

2006 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் முறை நாள்; குடங்களை நிரப்பி அடுப்படியில் வரிசையாக வைத்தேன். தீப்பெட்டி கம்பெனிக்குப் புறப்படுமுன் அம்மா இரண்டு பேருக்கும் புளிச்சோறு கிளறினாள். எட்டு மணிப் பேருந்தில் சிவகாசி. அச்சகத்தில் அன்று முழுக்கக் கம்பி மத்தாப்புப் பெட்டிக்கான லேபிள்தான். நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். சிவப்பை விட்டு மஞ்சள் ஒதுங்கி நிற்கிறதா, ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று தாள் தாளாகப் பார்த்து, கெட்டதை இடது பக்கம் தள்ள வேண்டும். தீபாவளி ஆர்டர் குவியத் தொடங்கிய சமயம் என்பதால் மதியம் கை கழுவிய ஈரத்தோடு மறுபடி உட்கார்ந்துவிட்டோம். மாலை வீட்டுக்கு வந்தபோது வாசலில் எங்களுடையதல்லாத இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒன்று மாப்பிள்ளையின் அம்மாவுடையது. பூ வைக்க வந்த அன்றும் அதே செருப்பைத்தான் போட்டிருந்தார்.

எனக்கு ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு மல்லாங்கிணற்றைத் தாண்டி ஒரு சிற்றூர். எனக்கு அப்போது இருபத்தாறு முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அது தாமதம். அப்பா இல்லாத வீடு. எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு இந்த இடம் அமைந்ததில் அம்மா சற்று நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியிருந்தாள்.

அன்று மாலை நடந்ததை எழுதுமுன் நர்சக்காவைப் பற்றி எழுதியாக வேண்டும்.

அவர் எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் கிராம நர்ஸ். அந்தக் கட்டடத்திலேயே பின்பக்க அறையில் குடியிருந்தார். உயரம் குறைவு, நடை வேகம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நாடி பார்க்கும்போது தன் கையையும் நம் கையையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்வதற்காக அப்படி. எங்களுக்கு அவர் நர்சக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் நர்சக்காதான்.

கம்பெனி வேன்கள் திரும்பி, பெண்கள் முகம் கழுவிய பிறகு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் போடுவார். அரசாங்கம் கொடுத்த படச்சுருள்கள் அவர் அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஒருமுறை கேட்டேன். “படத்தப் பாத்து எவ திருந்துனா? பக்கத்து ஊர்க்காரி பட்ட பாட்டச் சொல்லு, அப்பத்தான் இவளுக காது கொடுப்பாளுக” என்றார்.

அவருடைய முறை அதுதான். எதைச் சொல்வதானாலும் ஓர் ஊரில் ஒரு பெண் என்று தொடங்குவார். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றிச் சொல்ல வந்தால், கரைசலைப் பற்றிப் பேச மாட்டார். ஓர் ஊரில் ஒரு பெண்ணின் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பேதி. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் தண்ணீரை நிறுத்திவிட்டார். மறுநாள் மத்தியானம் பிள்ளையைத் தூக்கியபோது, காலில் கிடந்த கொலுசு தானாகக் கழன்று தரையில் விழுந்தது. அம்புட்டுத்தான், அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தப்பித்தது தனிக் கதை என்று நிறுத்திவிடுவார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் மடியில் இருந்த பிள்ளைகளின் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு செம்புத் தண்ணீரை வாங்கி, உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கையால் அள்ளிக் காட்டுவார்.

சிரிக்கவும் வைப்பார். இரும்புச்சத்து மாத்திரையைத் தின்னப் பிடிக்காமல் கோழிக்கூட்டுக்குள் வீசிய கர்ப்பிணி ஒருத்தியைப் பற்றிச் சொன்னபோது, பட்டாசுக்குத் திரி அடுக்கும் ஓர் அக்கா, “கோழிக்கு ரத்தம் ஊறுச்சாக்கும்?” என்று கேட்டார். “ஊறுச்சே. குழம்புல போட்டு அவதான் தின்னா. அப்பவும் அவளுக்கு ஊறல. ஏன், நீயும் கோழி வளக்கியா?” என்றார் நர்சக்கா. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் மாத்திரையை எங்கேயோ வீசிக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் அந்த நிமிடத்தில் தெரிந்தது. அவருக்குப் பிறந்த பிள்ளை நல்ல எடையோடு பிறந்தது.

தீக்காயத்துக்குப் பேனா மை ஊற்றுவதும் பற்பசை தடவுவதும் எங்கள் பக்கத்தில் வழக்கம். ஓர் ஊரில் ஒருவர் கையில் மையை ஊற்றி, காயத்தின் ஆழம் டாக்டருக்கே தெரியாமல் போய், கடைசியில் விரல்கள் ஒட்டிக்கொண்ட கதையை அவர் ஒரு வருஷம் சொன்னார். அடுத்த சீசனில் எங்கள் ஊர்க் கம்பெனி ஒன்றில் பட்டாசு மருந்து பொசுங்கி ஒரு பெண்ணின் முன்கை வெந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மையைத் தேடவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கையில் இப்போது நிற மாற்றம் மட்டும்தான் இருக்கிறது. வளையல் போட்டால் தெரியாது. இதை எழுதுவது, அவருடைய முறை பலித்தது என்பதை நான் மறைக்கக் கூடாது என்பதற்காக.

கூட்டம் முடிந்ததும் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது. நாரணாபுரமா, எம். புதுப்பட்டியா என்று ஊர் ஊராகச் சொல்லிப் பார்ப்போம். அவர் பிடி கொடுக்க மாட்டார். “அவ யாருன்னு தெரிஞ்சா ஒனக்கு ரத்தம் கூடுமா?” என்பார். மிகவும் நச்சரித்தால், “இந்தா பாருங்க, இந்த ஊர்ச் சங்கதிய இந்த ஊர்ல நான் வாயத் தொறந்து பேசுனது உண்டா?” என்று கேட்பார். உண்மையிலேயே பேசியதில்லை. ஊரில் யாருக்கு வெள்ளைப்படுதல், யார் கருவைக் கலைத்தாள், யார் வீட்டுக்காரருக்கு என்ன வியாதி என்று எல்லாம் அறிந்தவர். ஒன்றும் வெளியே வந்ததில்லை. அதனால்தான் புருஷனிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொன்னார்கள். அவர் சொல்லும் உதாரணங்களெல்லாம் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்று நாங்கள் யோசித்தோமே தவிர, எங்கள் ஊரிலிருந்து என்ன போகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த ஆண்டு பொங்கல் கழிந்து எனக்கு இருமல் நிற்கவில்லை. காகிதத் தூசி என்று நினைத்தேன். நர்சக்கா அப்படி நினைக்கவில்லை. தொட்டிப் பக்கத்துக் கூட்டத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் பாதி வரியில் மூச்சு வாங்கி நிறுத்தினேன். கூட்டம் கலைந்த பிறகு அவர் சளிக்கு ஒரு குப்பியைக் கையில் கொடுத்தார். காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழத்திலிருந்து இருமி எடு, எச்சில் வேண்டாம் என்றார். முடிவு வந்தபோது அவரே எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவையும் என்னையும் பின் அறையில் உட்காரவைத்துச் சொன்னார். காசநோய்.

அம்மா அழுதாள். நர்சக்கா அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு, ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல், தன் கண் முன்னால் மாத்திரை முழுங்கினால் அடையாளம் இல்லாமல் போய்விடும் என்றார். திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள். ஊருக்கு என்ன சொல்வது என்று அம்மா கேட்டாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். சுகாதார நிலையத்துக்கு அட்டைகளில் வாசகம் எழுதித் தர வருகிறாள் என்று சொல்லிவிடலாம் என்று வழி சொன்னவரும் அவர்தான். நிஜமாகவே எழுதியும் கொடுத்தேன். காய்ச்சிய தண்ணீர், தடுப்பூசி நாள், இரண்டு பிள்ளைகளுக்கு இடைவெளி எல்லாம் என் எழுத்தில் அந்தச் சுவரில் தொங்கின. இரண்டு மாதத்துக்குப் பிறகு மாத்திரைகளை வீட்டுக்கு எடுத்துப் போய் முழுங்கலாம், வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்பது சுகாதாரத் துறையின் முறை. “ஒங்க வீடு பத்தாயம் மாதிரி இருக்கு, எங்கன ஒளிச்சு வைப்ப? எப்பவும் போல இங்கனயே வந்து முழுங்கு” என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காலைகளை நான் விரும்பினேன். அவர் மாத்திரைகளைப் பிரித்துத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். முழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். அதன் பிறகு ஒரு டம்ளர் காப்பி. குடிக்கும்போது கேட்டுக்கொண்டே இருப்பார். பசி எப்படி, தூக்கம் எப்படி, மனசு எப்படி. அவ்வளவு அக்கறையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. முதல் மாத்திரை நாளன்று சிறுநீர் மருந்தால் சிவப்பாகப் போனதையும், ரத்தம் என்று பயந்து கக்கூசில் உட்கார்ந்து அழுததையும், அம்மா வருமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவியதையும் சொன்னேன். கைக்குட்டையில் இருமினால் துவைக்கும்போது தெரியும் என்பதால், அச்சகத்தில் கழித்துப் போட்ட லேபிள்களைக் கொண்டுவந்து அவற்றில் துப்பி மடித்து அடுப்பில் போட்டதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டியபடி கேட்டார். அம்மாவுக்குக்கூட அந்த இரண்டும் தெரியாது.

சித்திரையில் பெண் பார்க்க வந்தார்கள். சொல்லிவிடலாமா என்று அவரிடம்தான் கேட்டேன். “மாப்பிள எந்த ஊரு?” என்றார். மல்லாங்கிணறு என்றேன். சிற்றூரின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தவர்கள் எல்லோரும் வெளியே அப்படித்தான் சொல்வார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, “ஆவணிக்குள்ள மருந்து முடிஞ்சிரும். இப்பவே ஒன்கிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. இல்லாமப் போகப்போற ஒண்ண எதுக்குப் போய்ச் சொல்லணும்? பேசாம இரு” என்றார். பேசாமல் இருந்தேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை.

மாப்பிள்ளையின் அம்மா தன் தம்பியோடு வந்திருந்தார். அம்மா கொடுத்த காப்பி ஆறிப்போய்த் தரையில் இருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. தங்கள் ஊர் மகளிர் குழுவுக்குத் தான்தான் தலைவி என்றும், போன வாரம் கூட்டத்துக்குச் சிவகாசிப் பக்கமிருந்து ஒரு நர்சம்மாவை ஜீப்பில் கூட்டி வந்தார்கள் என்றும், நன்றாகப் பேசுகிறவர் என்று மாவட்டத்தில் பல ஊருக்கும் அவரைக் கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார். அந்த அம்மாவுக்குத் தானே சோடா வாங்கிக் கொடுத்தாராம்.

“ஒரு ஊர்ல ஒரு புள்ளைன்னு சொன்னாக. பிரஸ்ல லேபிள் பாக்குற புள்ளையாம். அப்பா இல்லையாம். எழுத்து முத்து முத்தா இருக்குமாம். ஆவணியில கல்யாணமாம். ஒரு நாக்கூட விடாம மாத்திர முழுங்குதாம், அதப் பாத்து நீங்களும் சளியக் காட்டுங்கன்னு சொன்னாக. எல்லாரும் கைதட்டுனோம். நானுந்தான் தட்டுனேன். தட்டிக்கிட்டு இருக்கும்போதே எனக்குக் கை நின்னுபோச்சு.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

“சீக்க ஒரு குத்தமாச் சொல்லல மதினி. ஆறு மாசத்துல சரியாயிரும்னு அந்தம்மா நல்லா வெளங்க வச்சாக. நம்புறேன். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? எங்க வீட்டுக்கு வரப்போற புள்ளயப் பத்தி, நாங்க கூட்டத்துல ஒக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு.”

எழுந்து நின்று, செருப்பை மாட்டுமுன் என் தலையைத் தொட்டார். “கக்கூசுல ஒக்காந்து அழுதியாமே தாயி. லேபிள்ல துப்பித் துப்பி அடுப்புல போட்டியாமே. கேக்கவே மனசு ஒரு மாதிரி ஆகிப்போச்சு. ஒடம்பப் பாத்துக்க. வேற நல்ல எடம் வரும்.”

அவர்கள் போன பிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். கக்கூசில் அழுதது எப்போது என்று.

விளக்கு வைக்குமுன் நர்சக்காவிடம் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முறம் அவர் கையில் நின்றுவிட்டது.

“அந்த ஊரா? நீ மல்லாங்கிணறுன்னுதான சொன்ன?”

சொன்னேன் என்றேன்.

“அதான். அன்னைக்குக் காலையில மல்லாங்கிணத்துல ஒரு கூட்டம் இருந்துச்சு. அங்கன ஒன் கதைய நான் எடுக்கவே இல்ல. அம்புட்டுக் கவனமா இருந்தேன். சாயங்காலம் அந்தச் சின்ன ஊருல்ல, வேற ஊருன்னு நெனச்சுத்தான்...” என்று நிறுத்தினார். பிறகு, “ஒம் பேரச் சொல்லல. ஊரச் சொல்லல” என்றார்.

அவர் கவலைப்பட்டது எனக்குத் தெரிந்தது. எதற்குக் கவலைப்பட்டார் என்பதும் தெரிந்தது. ஊர் மாறிப்போனதற்கு. கணக்குத் தப்பியதற்கு. அவருக்கு வேறு எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. வேறு ஊரில் சொன்னால் அது நானே இல்லை என்பது அவர் எண்ணம். கொலுசு கழன்ற பிள்ளையின் தாயும், கோழிக்கு மாத்திரை போட்டவளும் இப்படி ஒரு டம்ளர் காப்பியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். என் லேபிள்களை எத்தனை ஊர் கேட்டதோ.

“என்னயக் கேட்டிருக்கலாம்லக்கா” என்றேன்.

“கேட்டா சரின்னுருப்பியா?”

“மாட்டேன்.”

“அதுக்குத்தான் கேக்கல.” முறத்தைக் கீழே வைத்தார். “கூட்டம் முடிஞ்ச மறுநாளே அங்கன ஒருத்தி சளி கொடுத்திருக்கா. மூணு மாசமா இருமிக்கிட்டு, ரெண்டு கைப்பிள்ளய வச்சுக்கிட்டு. அவளுக்கும் இதேதான். இப்ப மாத்திர முழுங்குறா. ஒன்னால.”

என்னால் இல்லை, உங்களால் என்று சொல்ல நினைத்தேன். அந்தப் பெண் பிழைக்கட்டும் என்றுதான் அப்போதும் எண்ணினேன். இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் என்னிடமிருந்து எடுத்துக் கொடுத்ததை நான் கொடுத்ததாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

தானே அந்த ஊருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் பேசுவதாகச் சொன்னார். அவர் பேசினால் அவர்கள் சம்மதிக்கவும் கூடும் என்று எனக்குத் தெரியும். அவர் பேச்சுக்கு அந்தச் சக்தி இருந்தது. இன்னொரு முறை என்னைப் பற்றி அந்த வாசலில் அவர் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். அதற்குத்தான் அவர் முகம் வாடியது.

“சரி. நாளைக்குப் புதன். கோவத்துல மாத்திரைய விட்றாத. பாதியில விட்டா பிறகு எந்த மாத்திரைக்கும் கேக்காது” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம் அதன் மீதுதான். அவர் சொன்னது சரி.

அதன் பிறகு அவர் எங்கள் ஊரில் சில வருஷம் இருந்தார். மாற்றலாகிப் போனபோது பெண்கள் அழுதார்கள். எனக்குத் தாமதமாக வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. இந்த முறை முதல் நாளே, மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்குமுன், நானே சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் நிறைய பேர் அவரால் உயிரோடு இருக்கிறார்கள், நானும்தான். இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கூட்டங்களில் யாராவது பெயர் சொல்லாமல் ஒருத்தியின் கதையைத் தொடங்கினால், செருப்பைத் தேடி எழுந்துவிடுவேன்.

ஜூன் 14, புதன்கிழமை. முதல் வேலையாக, அச்சகத்துக்குப் போகாமல், எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கள், கர்ப்பிணிகள் என்று பெஞ்சு நிறைந்திருந்தது. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். சீட்டு கொடுத்துவிட்டு நின்றேன். சற்று நேரத்தில் ஊழியர் ஒருவர் கதவருகே வந்து என் பெயரையும், அப்பா பெயரையும், ஊரையும் உரக்க வாசித்து, “டி.பி. மாத்திரை யாரு?” என்றார். எல்லோரும் திரும்பினார்கள்.

“நான்தான்” என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். “ஒங்க மருந்துப் பெட்டி ஒங்க ஊர் நர்சுகிட்டல்ல இருக்கு? அவங்க நல்லாப் பாத்துக்குவாங்களே. எதுக்கு இம்புட்டுத் தூரம்?”

“இனி இங்கனயே முழுங்கிக்கிறேன் சார். பெட்டிய வரவழைச்சிருங்க.”

அவர் உள்ளே போய் அன்றைய மாத்திரைகளை எடுத்து வந்து என் கையில் போட்டார். தண்ணீர்ப் பானையருகே நின்று, அத்தனை பேரும் பார்க்க, ஒவ்வொன்றாக முழுங்கினேன்.